சொல்லாமல் வெட்டிய கரை

பன்னிரண்டு இருபது. ஜமால் பாய் காலர் மைக்கை என் புடவை மடிப்பில் செருகி, ஒயரை முதுகுப் பக்கம் கொண்டுபோய் ஒட்டிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணிச் செய்திக்கு இன்னும் நாற்பது நிமிஷம். இருபத்தேழு வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் நான் இந்த நாற்காலிக்கு வந்ததில்லை. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, மூச்சு வாங்குவது தெரியாமல் வணக்கம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குச் சீக்கிரம் வந்ததற்கு ஒரே காரணம், உட்கார்ந்துவிட்ட மங்கையற்கரசியை யாரும் எழுப்ப மாட்டார்கள் என்பதுதான். பயமில்லை. பயமிருந்தால் என் வயிறுதான் முதலில் சொல்லும். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டு நான்காவதும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கையில் ஆறு தாள். முதல் ஐந்தும் வழக்கமானவை: புதிய பாலத்துக்கு அடிக்கல், வேர்க்கடலை வரத்து, அரசு மகளிர் பள்ளி கோகோ அணி, மின்தடை, வானிலை. ஆறாவது தாளை நான் மூன்றாவதாக வைத்திருக்கிறேன். வேர்க்கடலைக்கும் கோகோவுக்கும் நடுவில். முதலில் வைத்தால் சேனல் முதலாளி ஏகாம்பரம் அண்ணன் முதல் வரியிலேயே ஒயரைப் பிடுங்கலாம், கடைசியில் வைத்தால் ஊர் சோறு போட எழுந்து போயிருக்கும். மூன்றாவதுதான் சரி. இதிலெல்லாம் எனக்குக் கணக்குத் தப்பாது. இன்றோடு சாத்தநெல்லூர் பெரிய ஏரியின் கிழக்குக் கரை போய், கரைக்குக் கீழே இருக்கிற பள்ளத்தாங்கல் கிராமத்தில் பதினான்கு பேர் செத்து, இருபத்தைந்து வருஷம். 'கரை போய்' என்று மனசுக்குள்கூட எப்படி வருகிறது பார், போய். கரைக்குக் கால் முளைத்த மாதிரி. கரை எங்கே போகும்?

எங்கள் சேனல் அந்த நாளை மறந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் வேடிக்கை. வருஷா வருஷம் இதே தேதியில் அரைமணி நேரம் காட்டுகிறோம். தலைப்பு 'ஊர் ஒன்றுபட்ட நாள்'. கல்யாண மண்டபத்தில் பெரிய பெரிய அண்டா, எலுமிச்சம்பழச் சாதம், அதைப் பொட்டலம் கட்டுகிற வியாபாரிகள், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்த தாசில்தார், பொட்டலத்தை வாங்க நீளுகிற கைகள். கைகள் மட்டும்தான். அப்போது கேமரா பிடித்தவர் முகங்களை எடுக்கவில்லையா, எடுத்ததை வெட்டிவிட்டார்களா தெரியாது. இருபத்தி நாலு வருஷமாக நான்தான் அதற்குப் பின்னணி பேசுகிறேன். 'இயற்கையின் சீற்றத்தால் ஏரி உடைந்தபோது...' அந்த 'சீற்றத்தால்' என்கிற இடத்தில் குரலை இறக்கி ஏற்றுவதற்கு எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்திருக்கிறது. ஆக, நினைவுகூரலாமா கூடாதா என்பது கேள்வியே இல்லை. நினைவுகூர்ந்துகொண்டுதான் இருக்கிறோம். செத்தவர்களை விட்டுவிட்டுச் சாதத்தை நினைவுகூர்ந்தோம். இதை மூன்று நாள் முன்னால் ஏகாம்பரம் அண்ணனிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அவர் சேனல், அவர் கட்டடம், அறுபத்தெட்டு வயது. கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம். "மங்கை, இப்பதான் ரெண்டு ஊர்ப் புள்ளைங்களும் ஒரே பஸ்ல காலேஜுக்குப் போவுதுங்க. ஒரே டீக்கடையில நிக்குதுங்க. நீ ஒரு வரி படிப்ப, நாளைக்கு அந்த பஸ்ஸுல கல்லு விழும். நடக்கறதச் சொல்றதுதாம்மா டிவிக்கு வேலை. நடந்து முடிஞ்சதச் சொல்றது நம்ம வேலை இல்ல." அவர் சொன்னதில் அந்த பஸ்ஸை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. பஸ்ஸைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் ஒன்று புரிந்தது. பள்ளத்தாங்கல் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், வீட்டில் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். தெரியாதது நம் பிள்ளைகளுக்கு. ஒரே சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவனுக்குத் தெரிந்து ஒருவனுக்குத் தெரியாமல் போகிற பஸ் அது. அப்படி எத்தனை நாள் ஓடும்?

அம்சவேணி போன வாரம் வந்திருந்தாள். பள்ளத்தாங்கல் கிளியாம்பாளின் மகள், இப்போது கிராம சுகாதாரச் செவிலியர். ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டியபடியே படியேறி வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "மெழுகுவத்தி வேணாங்க்கா. சோகப் பாட்டு வேணாம். பதினாலு பேரு, வயசு. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி. அவ்ளோதான்." தாளை மேஜைமேல் வைத்தாள், மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி சுத்தமான கையெழுத்து. அதில் ஆறாவதும் ஏழாவதும் அவள் அண்ணன்கள். பூபாலன், ஏழு. ஞானவேல், நாலு. இவள் ஒன்றரை வயசில் இடுப்பில் இருந்ததால் பிழைத்தாள். அம்மாவுக்கு இரண்டு கைதானே, ஒரு கையால் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையில் எது இருந்ததோ அது பிழைத்தது. அதை அம்சவேணி சொல்லவில்லை. கிளியாம்பாளே என்னிடம் சொன்னது, வெள்ளத்துக்கு மறுநாள் காலையில். அப்போது சேனல் என்றால் அண்ணனின் வீடியோ கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. முழங்கால்வரை சேறு காய்ந்த புடவையோடு வந்து நின்றாள். "நீதானம்மா டிவியில படிக்கிற? உடையலம்மா, வெட்டிட்டாங்க. கடப்பாரை சத்தம் கேட்டுச்சு. மழையில இடி மாதிரி கேட்காது அது, ணங்கு ணங்குன்னு கேட்கும். படிம்மா." எனக்கு இருபத்திரண்டு வயசு. 'வெட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது' என்று எழுதினேன். தைரியமாக எழுதியதாகக்கூட நினைத்துக்கொண்டேன். அண்ணன் வந்து சிவப்புப் பேனாவால் அடித்து 'உடைந்தது' என்று எழுதினார். "உடைஞ்சுதா உடைச்சாங்களான்னு விசாரணை வெச்சுச் சொல்லட்டும். நாம யாரு?" படித்தேன். திணறாமல் படித்தேன். விசாரணையும் வந்தது, எட்டு மாசம் கழித்து, கனமழையால் கரை வலுவிழந்தது என்று. கிளியாம்பாள் அதற்கப்புறம் எங்கள் தெருவில் மீன் விற்க வந்தால் என் வீட்டு வாசலில் மட்டும் கூவ மாட்டாள். கோபமாகப் போகமாட்டாள். சும்மா, அங்கே வீடே இல்லாதமாதிரி, மூச்சு பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய்க் கூவுவாள். போன வருஷம் செத்துப்போனாள். அவள் செத்தது எங்கள் செய்தியில் வரவில்லை, வருவதற்கு என்ன இருக்கிறது.

பன்னிரண்டு முப்பத்தைந்து. "ஃபேன் போடட்டுமாம்மா?" என்று ஜமால் பாய் கேட்டார். வேண்டாம் என்றேன், தாள் பறக்கும். வியர்க்கவில்லை, பவுடர் அப்படியே இருக்கிறது. காலையில் அம்மா போன் பண்ணினாள். இந்த ஊரில் எது ரகசியம், நேற்றே யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "போனவர் பேரைச் சந்திக்கு இழுக்காதடி. பள்ளிக்கூடத்துல படம் மாட்டியிருக்கு." யார் பேரும் வராதும்மா என்றேன். வரவும் இல்லை, தாளில் செத்தவர்கள் பேர்தான் இருக்கிறது. அப்பா, தருமலிங்கம் வாத்தியார், உயர்நிலைப்பள்ளியில் அறிவியல். அன்று சாயங்காலம் கரைக்குப் போன ஒன்பது பேரில் அவர் வெட்டவில்லை, பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்டவில்லை என்பதை இத்தனை வருஷம் நான் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் இல்லாமல் கடப்பாரை எங்கே விழும்? ஆனால் அதையும் முழுசாகச் சொல்லவேண்டும், வெட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும். மூன்று நாள் மழை, உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலங்கலையும் தாண்டி வழிகிறது, மதகு அடைத்துக்கொண்டது, மேற்குக் கரையில் விரிசல். அது உடைந்தால் நேராக பஜார், ஆஸ்பத்திரி, நாலாயிரம் வீடு. பதினாலா, நானூறா என்று அண்ணன் இன்றைக்கும் கேட்பார். அந்தக் கணக்கை என்னால் தப்பு என்று சொல்ல முடியாது. அம்சவேணியே சொல்லவில்லையே. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து அவள் சொன்னது வேறு. "வெட்டுனதுக்குக்கூட ஒரு நியாயம் இருக்கும்க்கா. ஒரு ஆள அனுப்பி ஓடுங்கன்னு சொல்லியிருக்கலாம்ல. அரைமணி நேரம் போதும். எங்க ஊருக்குப் பின்னால பாறைமேடு இருக்கு." அரைமணி நேரம். அப்பா எட்டாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தார். தாளில் பதினொன்றாவது பெயர் ராஜகுமாரி, பதிமூன்று, எட்டாம் வகுப்பு. அந்த வருஷம் முழுக்க வருகைப் பதிவில் அவள் பேரை அவர் அடிக்கவே இல்லையாம், தினமும் கூப்பிட்டுவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, அடுத்த பேருக்குப் போவாராம். அந்த வகுப்பில் படித்த ஒருத்தி எனக்குச் சொன்னாள். வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வரி சரியாகத்தான் இருக்கிறது. நாலு நாள் எழுதி அடித்து எழுதின வரி. 'ஏரி உடைந்தது' இல்லை. 'வெட்டப்பட்டது' என்றால் மறுபடியும் ஆளில்லாத கடப்பாரை. 'வெட்டினார்கள்' என்றால் யாரோ வெளியூர்க்காரர்கள் மாதிரி, நான் எங்கேயோ மேலே உட்கார்ந்து பார்த்த மாதிரி. 'நாம் வெட்டினோம்' என்று ஒருநாள் எழுதிவிட்டு, திக்கென்று நிறுத்தினேன். பள்ளத்தாங்கலிலும் இப்போது நம் கேபிள்தான் ஓடுகிறது, அவர்களையும் சேர்த்தா 'நாம்'? ஆகவே 'நாங்கள்'. சாத்தநெல்லூர்க்காரர்களாகிய நாங்கள். நாங்கள் கிழக்குக் கரையை வெட்டினோம், பள்ளத்தாங்கலுக்குச் சொல்லாமல் வெட்டினோம். இதில் யார் பேரும் இல்லை, எல்லாரும் இருக்கிறார்கள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் தப்பவில்லை. நல்ல வரி. நல்ல வரிதான். அப்படியானால் 'சொல்லாமல்' என்கிற இடத்தில் நாக்கு ஏன் மேலண்ணத்தில் ஒட்டுகிறது? தண்ணீர் குடி. அன்றைக்கு ஐந்து மணி இருக்கும், வீடியோ கடையின் தகரத் தாழ்வாரத்தின் கீழே அவர்கள் நின்று பேசினார்கள். மாடி ஜன்னலில் நான். மழை தகரத்தில் அடித்தாலும் அண்ணன் குரல் கேட்டது. "சொன்னா விடமாட்டானுங்க. கரையில வந்து படுத்துப்பானுங்க. அப்புறம் ரெண்டு ஊரும் போச்சு." அப்பா ஏதோ சொன்னார், கேட்கவில்லை. போய்விட்டார்கள். என் சைக்கிள் கீழே படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தது. பள்ளத்தாங்கலுக்கு மூன்று கிலோமீட்டர், இறக்கம், மழையிலும் கால்மணி நேரம். போயிருந்தால் என்று எத்தனை வருஷமாக யோசிக்கிறேன் என்று பார்த்தால், யோசிக்கவே இல்லை, அதுதான் உண்மை. சைக்கிளை அடுத்த மாசம் சித்தி பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்தபோது நல்ல காரியம் செய்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு நான் என்ன செய்தேன்? மறுநாள் படிக்க வேண்டிய கோலப்போட்டி முடிவுகளை எழுதினேன். முதல் பரிசு யாருக்கு என்றுகூட ஞாபகம் இருக்கிறது. சரி. போதும். வரி 'நாங்கள்' என்று இருக்கிறது, அதில் நானும் உண்டு. உண்டல்லவா.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அண்ணன் வந்தார். கதவைத் திறந்து, உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வெச்சிருக்கியா அந்தத் தாள?" "வெச்சிருக்கேண்ணே." "எடுத்துடேன்." "இல்லண்ணே." "நான் கன்ட்ரோல் ரூம்லதான் உட்காரப் போறேன். கை வெச்சா ஒரு செகண்டு." "தெரியும்ணே. உங்க சேனல். நான் படிச்சு முடிச்சிட்டுக் கிளம்பிடறேன்." அவர் என்னைப் பார்த்தார். திடீரென்று கேட்டார், "என்ன போட்டிருக்க? வெட்டினாங்கன்னா?" "வெட்டினோம்னு போட்டிருக்கேன்." திட்டுவார் என்று நினைத்தேன். "ஒன்பது பேர்ல இப்ப நான் மட்டுந்தான் இருக்கேன் மங்கை," என்றார், தேதி சொல்கிற மாதிரி. கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஜமால் பாய் கேமரா கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார், துடைத்ததையே துடைத்தார். பஸ், கல், பஸ் என்று மனசு ஒருமுறை ஓடியது, விட்டேன். விளம்பரம் ஓடுகிறது, நகைக்கடை, பாத்திரக்கடை. ஐந்து, நாலு, மூன்று என்று பாய் விரலை மடக்கினார். சிவப்பு விளக்கு. வணக்கம். பாலம். வேர்க்கடலை. தாளைப் புரட்டினேன். கன்னியப்பன், அறுபத்தொன்று. முனியம்மாள், ஐம்பத்தெட்டு. குரல் அதன் பாட்டுக்குப் போகிறது, கூட்டவில்லை, குறைக்கவில்லை, அடிக்கல்லுக்கு என்ன குரலோ அதே குரல். பூபாலன், ஏழு. ஞானவேல், நாலு. சிவப்பு விளக்கு அணைந்ததா என்று பார்க்கக்கூடாது, அது கேமராவின் விளக்கு, ஒயரைப் பிடுங்கினாலும் எரியும். போகிறதோ இல்லையோ படி. ராஜகுமாரி, பதிமூன்று, எட்டாம் வகுப்பு. இங்கே கொஞ்சம் நின்றேன், எழுதியதில் நிறுத்தம் இல்லை, நின்றுவிட்டேன். பதினான்கும் முடிந்தது. "அன்று ஏரி உடையவில்லை. சாத்தநெல்லூரைக் காப்பாற்ற நாங்கள் கிழக்குக் கரையை வெட்டினோம். பள்ளத்தாங்கலுக்குச் சொல்லாமல் வெட்டினோம். 'உடைந்தது' என்று இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொலைக்காட்சி சொல்லிவந்தது தவறு." கேமராவை நேராகப் பார்த்து இரண்டு மூச்சு. அரசு மகளிர் பள்ளியின் கோகோ அணி மாவட்ட அளவிலான போட்டியில்.

வெளியே வந்தபோது கன்ட்ரோல் ரூம் கதவு திறந்திருந்தது. அண்ணன் சுவிட்சுகளுக்கு எதிரே, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "போச்சாண்ணே?" "போச்சு." அதற்குள் மேஜை போன் அடித்தது. எடுத்தார். எதிர்முனையில் யாரோ கத்துவது எனக்கே கேட்டது. "ஆமா, நம்ம சேனல்தான். சரியாத்தான் கேட்டிருக்கு உங்க காதுல," என்று சொல்லி வைத்தார். மறுபடி அடித்தது. மறுபடி எடுத்தார். கிளம்பிவிடுவேன் என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது, அவருக்கு இருந்ததா தெரியவில்லை. போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அம்சவேணியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'பாத்தோம்க்கா. எல்லாரும் பாத்தோம்.' அவ்வளவுதான். நன்றி என்று போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். உடம்பு லேசாகத்தான் இருந்தது, ஒரு டீ குடிக்கலாம் என்றுகூடத் தோன்றியது. கைப்பை எடுக்கும்போது செல் அடித்தது. அம்மா. வசவை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் காதில் வைத்தேன். "எதிர்வீட்டுச் சரோஜா வந்துட்டுப் போறா," என்றாள். "என்னவாம்?" "நாங்க நாங்கன்னு படிக்கிறாளே உம் பொண்ணு, யாரச் சொல்றா, எங்க வீட்டுக்காரரையுமான்னு கேட்கறா. அவரு அன்னிக்கு ஊர்லயே இல்லியேடி, வேலூர்ல மச்சினன் ஆஸ்பத்திரில கிடந்தான், அங்க இருந்தாரு. அவ அழறா. நான் என்னத்தச் சொல்ல?" இதை நான் எந்த நாளும் யோசிக்கவில்லை. "சொல்லிட்டேன்," என்றாள் அம்மா. "என்ன சொன்ன?" "உங்க வீட்டுக்காரரு இல்லடி, எங்க வீட்டுக்காரருதான் போனாருன்னு சொன்னேன். வெளக்கு பிடிச்சாருன்னு சொன்னேன். ராத்திரி வந்து கால்கூடக் கழுவாம சேத்தோட படுத்தாருன்னு சொன்னேன். இருவத்தஞ்சு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல." அம்மாவின் மூச்சு கேட்டது. பின்னால் டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஊரு மொத்தத்தையும் சேர்த்துச் சொன்னா அவர் தெரிய மாட்டார்னு நினைச்சியா மங்கை? சரோஜா புருஷன்தானே தெரியறான். ஏழு மணி நியூஸ்ல சொல்லிடு. பேரோட சொல்லு." "பள்ளிக்கூடத்துப் படத்த எடுத்துடுவாங்கம்மா." "எடுக்கட்டும். என்கிட்ட இன்னொண்ணு இருக்கு." வைத்துவிட்டாள். நான் திரும்பி உள்ளே போனேன். ஜமால் பாய் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார், ஒன்றை மட்டும் விடச் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கரையில் விளக்குப் பிடித்து நின்றவர் என் தந்தை தருமலிங்கம் என்று எழுதினேன். எழுத்துக் கோணவில்லை. அடுத்த வரியை 'நாங்கள்' என்று தொடங்கி, அடித்துவிட்டு, 'நான்' என்று எழுதினேன். நான் அன்று ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.